திருமலையைச் சுற்றியுள்ள அரச காடுகளில் பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

தம்பி, திருகோணமலை உப்புவெளியில் வீடு, ஒன்பது வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பொடியன்கள், ஓகஸ்ட் விடுமுறை வருகிறது, ஊரைச் சுற்றி இவ்வளவு காடு இருக்கும்போது ஏன் ஒவ்வொரு முறையும் கடற்கரைக்கே போக வேண்டும், அரச காட்டுக்குள் நடக்கலாமா, கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாமா, யாரிடம் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததை முழுவதுமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. எங்கள் தலைமுறைக்குக் காடு என்றால் பயம்தான். யுத்தம் முடிந்த 2009 வரை விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள்கூட உள்ளே போக யோசித்தார்கள். அப்பா காலத்து ஆட்களுக்குத் தெரிந்த பாதை, மரம், நீர்க்குழி எதுவும் எங்களிடம் வந்து சேரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் பார்த்தால் காட்டு நடை நமக்குப் புதிது கிடையாது. செல்வச்சந்நிதியில் தொடங்கும் கதிர்காமப் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில் என்று இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து குமண, யால வழியாகப் போகிறது. வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் அந்தக் காட்டு வாசலை யாத்திரிகருக்காகத் திறந்துவிடுவார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். ஆகவே பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போவது விபரீதமான ஆசை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, யாருடைய காடு என்பதைப் பார்ப்போம். பலரும் குழம்புவது இங்கேதான். "அரச காடு" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு திணைக்களங்களுக்குக் கீழே இருக்கிறது. ஒன்று நாம் வன இலாகா என்று சொல்லும் வனப் பாதுகாப்புத் திணைக்களம், 1907 ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேலை செய்வது. மற்றது வனசீவராசிகள் திணைக்களம், அதற்கு 1937 ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே ரோட்டின் இடப்பக்கம் ஒருவருடையதும் வலப்பக்கம் மற்றவருடையதுமாக இருக்கலாம், மரத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வனசீவராசிகள் பக்கத்தில் தேசிய பூங்கா என்றால் டிக்கெட் எடுத்து, அவர்கள் சொல்லும் வழியில், சொல்லும் நேரத்துக்குள் போய்வர வேண்டும். சரணாலயம் என்றால் உள்ளே போவதற்குத் தடை இல்லை, பல சரணாலயங்களுக்குள் ஊரும் வயலும் இருக்கின்றன, ஆனால் விலங்குக்கோ பறவைக்கோ கை வைக்கக் கூடாது. கடும் இயற்கை ஒதுக்ககம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஆராய்ச்சிக்காரருக்கு மட்டும்தான் வழி. வன இலாகா பக்கத்தில் ஒதுக்குக் காடு என்று அறிவித்த இடத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். சும்மா நடந்து பார்க்கத்தானே போனோம் என்ற பேச்சு எடுபடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வழிகாட்டியை நம்பி எட்டுப் பேர் ஒரு வான் வண்டியில் போனோம். "எல்லாம் பேசியாயிற்று அண்ணா" என்றார். உள்ளே இரண்டு கிலோமீற்றர் நடந்த பிறகு வன உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார். அனுமதிக் கடிதம் கேட்டால் வழிகாட்டியிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அந்த மனிதர் நல்லவர், பிள்ளைகள் முகத்தைப் பார்த்து எச்சரித்து அனுப்பினார். அன்றிலிருந்து நான் எங்கே போவதென்றாலும் ஒரு வாரத்துக்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்துக்கு நேரில் போய், இடத்தின் பெயர், நாள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துக் கேட்பேன். முடியாது என்றால் முடியாது என்றே சொல்வார்கள், அதற்குப் பதிலாக வேறு இடம் சொல்வதும் உண்டு. கிராம சேவகருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்பது அவருக்குத்தான் அன்றைக்கு அன்று தெரியும்.

இனி என் முக்கியமான யோசனை. திருமலைக் காட்டை அனுபவிக்க உள்ளே ஆழமாகப் போக வேண்டாம், விளிம்பில் நில்லுங்கள். குளக்கட்டு, கண்டல் என்னும் அலையாத்திக் காட்டோரம், ஆற்று முகம், தீவு, இவைதான் இங்கே காட்டின் நல்ல வாசல்கள். பயத்தினால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நம்முடையது உலர்வலயக் காடு. பாலையும் வீரையும் முதிரையும் மேலே நிற்க, கீழே முட்பற்றை அடர்ந்து கிடக்கும். பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. அங்கே நடக்கச் சுகமாக, அகலமாக ஒரு பாதை தெரிந்தால் அது அநேகமாக யானைப் பாதை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழை குறைவு, கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடித்து எல்லாம் காய்ந்துவிடும், காட்டுக்குள் இருக்கும் உயிரெல்லாம் தண்ணீரைத் தேடி வெளியே வரும். நீங்கள் குளத்தோரத்தில் பேசாமல் உட்கார்ந்தால் காடு உங்களிடம் வருகிறது, நீங்கள் அதைத் துரத்திப் போக வேண்டியதில்லை.

ஓகஸ்ட் என்றபடியால் கந்தளாயில் தொடங்குங்கள். நகரிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், ஹபரணை ரோட்டில். குளக்கோட்டன் கட்டிய குளம் என்பது நம் ஊர்க் கதை, அக்கபோதி மன்னன் காலத்தில் கட்டியது என்பது வரலாற்றுக்காரர் சொல்வது. 1986 ஏப்ரல் 20 இல் கட்டு உடைந்து பல உயிர்கள் போனதும் இதே குளம்தான், வயதானவர்கள் இப்போதும் அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள். கோடையில் தண்ணீர் இறங்கி, குளத்தின் உள்விளிம்பில் பச்சைப் புல்லும் வெடித்த சேறும் அகலமாகத் தெரியும். காலை ஆறரைக்கு அங்கே இருந்தால் சங்குவளை நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் கூட்டமாக நிற்கும்.

பிள்ளைகளுக்காக ஒரு நூல் கயிறு எடுத்துப் போங்கள். காய்ந்த சேற்றில் யானையின் முன்னங்கால் தடம் வட்டமாகப் பதிந்திருக்கும். கயிற்றை அந்த வட்டத்தைச் சுற்றி வைத்து அளந்து, அந்த அளவை இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த யானையின் தோள் உயரம் வந்துவிடும். நான் என் மருமகனோடு இதைச் செய்தபோது கயிறு நாலரை அடி வந்தது, அப்படியென்றால் ஒன்பது அடி. அவன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான், யானை அங்கே நிற்பது போலவே. மற்ற அடையாளங்களையும் காட்டுங்கள். யானையின் லத்தி, அதாவது சாணம், காய்ந்து பிரிந்து கிடந்தால் பழையது. ஈரமாக, வண்டு மொய்த்து, ஆவி பறந்தால் அங்கே நிற்க வேண்டாம், வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். கூட்டமாக நிற்கும் யானைகளைவிடத் தனியன் யானைதான் சிக்கல், அதுவும் வயல் பக்கம் வந்து பழகிய அலியன் (தந்தம் இல்லாத ஆண் யானை) என்றால் மனிதரைக் கண்டு ஒதுங்காது.

உங்களுக்கு யானையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் கந்தளாயைத் தாண்டி கல்ஓயாச் சந்திப் பக்கம் கவுடுல்ல தேசிய பூங்காவுக்குப் போய்விடுங்கள். 2002 இல் பூங்காவாக்கியது, அது பொலன்னறுவை மாவட்டம். ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாவிலும் கவுடுல்லவிலும் குளத்துப் புல்லுக்காக யானைக் கூட்டங்கள் சேரும். ஜீப்பில்தான் உள்ளே போக முடியும். மாரியில் அந்தக் குளங்கள் நிரம்பிய பிறகு யானைகள் ஹபரணைக்குப் பக்கத்தில் உள்ள ஹுருலு காட்டுப் பக்கம் நகர்ந்துவிடும். ஹுருலு வன இலாகாவின் காடு, 1977 இல் உயிர்க்கோள ஒதுக்ககம் ஆனது, அங்கே அவர்களே நடத்தும் சூழல் பூங்கா இருக்கிறது. அரச காடு ஒன்றைப் பொதுமக்களுக்கு ஒழுங்காகத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம். நம் மாவட்டத்திலும் அப்படி நாலைந்து இடங்கள் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை, கேட்கும் ஆட்கள் கூடினால் வரும்.

நடந்து பார்க்க வேண்டும், செலவும் கூடாது என்றால் கண்டல் காட்டுக்குப் போங்கள். யாரும் இதைச் சுற்றுலா என்று நினைப்பதில்லை, எனக்கோ இதுதான் முதலிடம். கிண்ணியா, உப்பாறு, தம்பலகாமக் குடா ஓரம், கொட்டியாரக்குடாவில் மகாவலி கடலில் விழும் பக்கம் எல்லாம் கண்டல்தான். ஊர் மீனவர் ஒருவரிடம் பேசி, சின்னத் தோணியில் காலையில் ஒரு மணித்தியாலம் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கண்ணா என்ற வகை மரத்தின் இலையைப் பிடித்து வெயிலில் பார்த்தால் மேலே வெள்ளையாக மினுங்கும். பெரியவனை விரலால் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்லுங்கள், உப்பு! வேரால் குடித்த கடலின் உப்பை அந்த மரம் இலையால் வெளியே தள்ளுகிறது. அதன் அடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்பவை மூச்சு வேர்கள், அவற்றை மிதிக்காமல் நடக்கப் பழக்குங்கள். கண்டல் மரத்தில் முருங்கைக்காய் போலத் தொங்குவது காய் மாத்திரம் இல்லை, தாய் மரத்திலேயே முளைத்துவிட்ட கன்று. கனத்து விழும்போது சேற்றில் நேராகக் குத்தி நின்று அப்படியே மரமாகிவிடும், தண்ணீரில் விழுந்தால் மிதந்து போய் வேறெங்கோ கரை ஒதுங்கி வேர்விடும். ஒரு கை மட்டும் பெருத்த சிவப்பு நண்டு, சேற்றில் துள்ளும் மீன், மீன்கொத்தி, செம்பருந்து எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தில் கிடைக்கும். நாங்கள் விறகுக்கும் இறால் பண்ணைக்கும் வெட்டித் தொலைத்தது இதைத்தான் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

ஆற்று முகத்தில் ஒரு கண்டிப்பு. மகாவலியிலும் அதன் கிளைகளிலும் முதலை இருக்கிறது. ஊர் ஆட்கள் குளிக்கும் துறையைத் தவிர வேறு எங்கும் காலை நனைக்கவே விடாதீர்கள்.

புறாமலைத் தீவும் காடு சேர்ந்த இடம்தான், பலர் அதைக் கடல் என்று மட்டும் நினைக்கிறார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 1963 இல் சரணாலயம், 2003 இல் தேசிய பூங்கா. பூங்காவின் பரப்பு 471 ஹெக்டேயர், அதில் மிகப் பெரிய பங்கு கடல், தரை என்பது இரண்டு சின்னத் தீவுகள்தான். அந்தப் பாறைகளில் மலைப்புறாக்கள் கூடு வைப்பதால் வந்த பெயர். கரையிலேயே டிக்கெட் எடுத்து, பதிவுசெய்த படகில் போகலாம். ஓகஸ்டில் நம் பக்கக் கடல் அமைதி, ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கினால் மறந்துவிடுங்கள். பொடியன்களுக்கு உயிர்காப்பு அங்கி போட்டு ஆழமில்லாத பக்கத்தில் முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னால் போதும், துடுப்பு நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள் மணலோரமாகப் போவதைப் பார்ப்பார்கள், அவை நம்மை விட்டு விலகித்தான் போகும். தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யவிடாதீர்கள்: பவளத்தின் மேல் எழுந்து நிற்பது. அது கல் மாதிரித் தெரிகிறது, உயிருள்ள சின்னஞ்சிறு பிராணிகளின் கூட்டம். ஒரு மிதியில் உடைவது திரும்ப வளரப் பல வருடம் பிடிக்கும். சனி ஞாயிறில் தீவு சந்தை போல இருக்கும், கிழமை நாளில் முதல் படகைப் பிடியுங்கள். சோபர் தீவுகளும் சரணாலயம்தான், ஆனால் அவை துறைமுகத்துக்குள் கடற்படையின் கையில் இருக்கின்றன. கடற்படையிடம் கேட்காமல் அந்தப் பக்கம் படகு திருப்ப வேண்டாம்.

கந்தளாய்க்கும் துறைமுகத்துக்கும் இடையே உள்ள பெரிய காட்டுத் துண்டும் 1963 இலேயே சரணாலயமானது. கடற்படைத் தளத்துக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் காப்பாற்றப்பட்டது, 18,000 ஹெக்டேயருக்கு மேல். இன்று நாம் குழாயைத் திறக்கும்போது காட்டை நினைப்பதில்லை, அந்தக் காலத்தில் கடற்படைக்காரனுக்கு அது விளங்கியிருக்கிறது.

அரைநாள் மட்டும் கிடைத்தால் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஏழு சூட்டில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வெயில் ஏறுமுன் போங்கள், அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பிள்ளைகள் "காட்டுக்குப் போனோம், ஒன்றும் பார்க்கவில்லை" என்று சொல்வது மரத்தைப் பார்க்கத் தெரியாததால்தான். சமண்டலை மரத்தைக் காட்டிக் கொடுங்கள். அதற்கு உலகச் சந்தையில் பெயரே திருகோணமலை மரம். இங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்குப் போய், அங்கே அலையில் இறக்கும் மசூலாப் படகுகள் கட்டப் பயன்பட்டது. நம் ஊர்ப் பெயரைச் சுமக்கும் மரம் எது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பாலை மரத்தையும் காட்டுங்கள், ஆனால் பழத்துக்கு நீங்கள் பிந்திவிட்டீர்கள். அது வைகாசி, ஆனியில். மஞ்சளாக, விரல் நுனியளவு, தேன் மாதிரி இனிக்கும், நாலு தின்றதும் பால் உதட்டில் ஒட்டி வாய் திறக்க வராது. அந்தப் பழக்காலத்தில் கரடியும் அதே பழத்துக்காக மரமேறும். யானையைவிடக் கரடிக்குத்தான் பழைய வேட்டைக்காரர்கள் பயந்தார்கள், அது ஓடாது, முகத்துக்கு நேரே பாயும். பழக்காலத்தில் பற்றைக்குள் குனிந்து நுழைவது வேண்டாம் என்று அவர்கள் சொல்வது அதனால்தான். மந்திகள் மேலே இலை தின்னும் மரத்தின் கீழே பாருங்கள், அவை உதிர்ப்பதைப் பொறுக்கப் புள்ளிமான்கள் நிற்கும். மந்தி மேலேயிருந்து கத்தினால் மான் தலையைத் தூக்கும்.

புள்ளிமானுக்குக் காட்டுக்கே போகத் தேவையில்லை, கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வழியிலும் நிற்கிறதே என்பீர்கள். நிற்கிறது, பொலித்தீன் பையை மென்றுகொண்டு நிற்கிறது. சாப்பாட்டு வாசனைக்காக அதை விழுங்கி வயிறு அடைத்துச் செத்த மான்களை நம் ஊரார் கண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் கையால் மானுக்குப் பிஸ்கட் கொடுப்பதைப் படம் எடுக்காதீர்கள்.

கூடாரம் பற்றிக் கேட்டீர்கள். தேசிய பூங்காவுக்குள் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடத்தில், முன்பதிவோடு மட்டும்தான். ஒதுக்குக் காட்டில் எழுத்து அனுமதி இல்லாமல் முடியவே முடியாது. குளக்கட்டில், ஆற்றங்கரையில் சும்மா கூடாரம் போடுவோம் என்று நினைத்தால், இரவில் அந்த வழி யானையின் வழி. கட்டுவிரியனும் இரவில்தான் திரியும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும், கடித்த வலியே தெரியாமல் போகலாம். முதல் தடவைக்கு நான் சொல்வது, காட்டோரக் கிராமத்தில் தெரிந்த விவசாயி வீட்டு முற்றத்தில், மின்வேலிக்கு உட்பக்கம், தரை மூடிய கூடாரம் போட்டுப் படுங்கள். இரவில் காவல் கொட்டிலிலிருந்து வயல்காரர் கூக்குரல் போடுவதும் தூரத்தில் யானை வெடி கேட்பதும் பொடியன்களுக்குப் போதுமான அனுபவம். அந்த வெடி ஏன் போடுகிறார்கள், ஒரு இரவில் ஒரு குடும்பத்தின் வெள்ளாமை எப்படிப் போகிறது என்பதையும் அந்த விவசாயி வாயாலேயே கேட்கட்டும்.

நெருப்பு மூட்ட வேண்டாம். ஓகஸ்டில் காடு தானாகத் தீப்பிடிப்பது அரிது, மனிதன் விட்டுப் போன கொள்ளிதான், கச்சான் காற்றில் அதை யாராலும் பிடிக்க முடியாது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், போத்தல்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்கு, முழுக்கால் சட்டை, சப்பாத்து, தொப்பி. உண்ணி ஏறும், வீடு வந்ததும் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் பாருங்கள். பாறைப் பக்கம் மலைத்தேன் கூடு தொங்கினால் கத்துவதும் கல்லெறிவதும் கூடாது. பழைய மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ கண்டால் ஒரு அடிகூட அங்காலே வைக்க வேண்டாம், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி. துருப்பிடித்த இரும்பு எதையும் பொடியன்கள் பொறுக்கக் கூடாது. அம்புலன்சுக்கு 1990, இலவசம், ஆனால் காட்டுக்குள் சிக்னல் இருக்காது என்று நினைத்தே திட்டமிடுங்கள்.

இதையும் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு ஆவணியில் நாலு பேர் இரண்டு மோட்டார் சைக்கிளில் போன் வரைபடத்தை நம்பிக் கந்தளாய்ப் பக்கம் ஒரு காட்டுப் பாதையில் இறங்கி, ஐந்தரைக்கு வழி தவறி, போனும் செத்துப்போய் நின்றோம். மாட்டுப்பட்டிக்காரர் ஒருவர் எங்கள் எஞ்சின் சத்தம் கேட்டுத் தேடி வந்தார். "மச்சான், இந்த நேரத்துக்கு இங்க நிக்கிறதுக்கு உங்களுக்கு வீடு வாசல் இல்லையா" என்றுதான் முதல் கேள்வி. பட்டிக்குக் கூட்டிப் போய்ப் பால் காய்ச்சிக் கொடுத்து, விடியும்வரை இருக்க வைத்து, காலையில் ரோடு காட்டிவிட்டார். நாங்கள் போக நினைத்த பாதையில் அன்றிரவு யானைகள் நின்றதற்கு அடையாளமாக முறித்துப் போட்ட மரக்கிளைகள் கிடந்தன. இப்போதும் வருடம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போகிறேன். எனக்குத் தெரிந்த காட்டில் பாதி அவர் சொல்லித் தந்தது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூன்று நாளாகப் பிரிப்பேன். ஒரு நாள் புறாமலை, ஒரு காலை கிண்ணியாப் பக்கத் தோணி, ஒரு இரவு கந்தளாய்ப் பக்கம். கந்தளாயில் மாலை நாலரைக்குக் குளக்கட்டில் ஏறி, காற்று உங்கள் முகத்துக்கு அடிக்கும் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள், உங்கள் வாசனை காட்டுப் பக்கம் போகாது. போனை அணைத்துவிடுங்கள். சின்னவன் அரை மணித்தியாலம் பொறுமையாக இருக்க மாட்டான், அவன் கையில் அந்தக் கயிற்றைக் கொடுத்து வையுங்கள். ஆறு மணிக்கு என்ன நின்றாலும் எழுந்துவிட வேண்டும். திரும்பும்போது ரோட்டில் யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், பெரிய லைட் போடாமல், வாகனத்தைப் பின்னால் எடுத்து நிறுத்தி, அது கடக்கும்வரை இருங்கள். பழம் எறிந்து பழக்கும் ஆட்களைப் பார்த்து நீங்களும் ஜன்னலைத் திறக்க வேண்டாம், ரோட்டில் கையேந்தப் பழகிய யானை அடுத்து வரும் சைக்கிள்காரரையும் மறிக்கும்.